மேக்னட் ப்ரோக்ராம்ல பாடம் மாத்தினவங்க உங்க அனுபவம் சொல்லுங்க

நாங்க மேரிலாந்து, மாண்ட்கோமரி கவுண்டி. சில்வர் ஸ்ப்ரிங் பக்கம் ப்ளேர் ஹைஸ்கூல்ல 1985ல சயின்ஸ், மேத்ஸ், கம்ப்யூட்டர் மேக்னட் (பசங்கள செலக்ட் பண்ணி எடுத்து கஷ்டமான பாடம் நடத்துற ஸ்பெஷல் ப்ரோக்ராம்) ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் பசங்க எட்டாவது வந்துட்டா நம்மாளுங்க வீட்டுல இந்தப் பேச்சுதான் ஓடும். எங்க பொண்ணும் கவுண்டில ஒரு மேக்னட்ல ஒன்பதாவது சேர்ந்தா. கால்குலஸுக்கு முன்னாடி படிக்கிற ப்ரீகால்குலஸ ஒரே வருஷத்துல முடிக்கிற கிளாஸ் ஒண்ணு, அதையே மூணு செமஸ்டரா நடத்துற கிளாஸ் ஒண்ணு இருக்கு, இவ வேகமானதுல இருந்தா. அக்டோபர்ல ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு எட்டிப் பாக்குறேன், நோட்டுல முதல் கணக்க அழிச்சு அழிச்சு பேப்பரே ஓட்டையாகற அளவுக்குப் போயிருக்கு, பக்கத்துல பிசிக்ஸ் லேப் ரிப்போர்ட் தொடவே இல்ல. "புரியாம இல்லம்மா, புரியறதுக்குள்ள அடுத்த சாப்டர் போயிடறாங்க"ன்னா.

அவங்கப்பாவுக்கு மனசே ஆறல, ஸ்லோ கிளாஸுக்குப் போனா காலேஜ் அப்ளிகேஷன்ல அடிபடும்னு பயம். கவுன்சலர் மேடம் பொறுமையா ரெண்டு வருஷத்துக்கு என்னென்ன பாடம் வரும்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டுக் காட்டினாங்க, மூணு செமஸ்டர் எடுத்தாலும் பத்தாவது ரெண்டாம் செமஸ்டர்ல கால்குலஸ் தொட்டுடுவா, ப்ரோக்ராம விட்டும் போக வேண்டாம், கடைசியில ஒரு எலக்டிவ் குறையும், அவ்வளவுதான். அந்தப் பேப்பர் பாத்த அப்புறம்தான் இவர் சரின்னார். மாத்திட்டோம். இப்ப பத்தரைக்குத் தூங்கறா, வயலின் மறுபடி எடுத்திருக்கா, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. உங்க வீட்டுல எப்படிங்க?

*

அக்கா நல்ல காரியம் பண்ணீங்க. எங்களுக்கு பன்னெண்டாவதுல வந்துச்சு இந்த பிரச்சனை. பையன் ஏபி (AP, ஸ்கூல்லயே படிக்கிற காலேஜ் லெவல் பாடம்) பிசிக்ஸ் சி விட்டுட்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கணும்னான், பப்ளிக் ஹெல்த் படிக்கப் போறவன், அவன் சொன்னது நியாயம்தான். ஆனா சீனியர் இயர்ல ஒரு விஷயம் பாருங்க, அப்ளிகேஷன்ல என்ன பாடம் எடுக்கறேன்னு எழுதிக் குடுத்திருப்பான், கவுன்சலரும் அந்த ஸ்கூல்ல கிடைக்கிறத வெச்சுப் பாத்தா இவன் எடுத்தது எவ்வளவு கஷ்டமான பாடங்கள்னு ஒரு இடத்துல டிக் பண்ணுவாங்க, அப்புறம் பாதி வருஷ மார்க்கோட மிட் இயர் ரிப்போர்ட் வேற காலேஜுக்குப் போகும். அதனால சொல்லாம மாத்தவே கூடாது. அவனையே உக்கார வெச்சு எல்லா காலேஜுக்கும் ஏன் மாத்தறேன்னு ரெண்டு வரில மெயில் போட வெச்சேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.

AP கால்குலஸ்ல BCயா ABயான்னு (BCல AB பாடத்தோட சீரிஸ் மாதிரி கூடுதல் பகுதியும் உண்டு) குழம்பறவங்களுக்கும் ஒண்ணு, BC பரிட்சை எழுதினா அதுலயே AB பகுதிக்குத் தனி ஸ்கோர் வரும், சீரிஸ்ல கோட்ட விட்டாலும் அது கையில இருக்கும். கிளாஸ்ல தாக்குப் பிடிக்கிற பிள்ளைய மார்க் பயத்துல மட்டும் இறக்கிடாதீங்க.

*

ரெண்டு பேருக்கும் நன்றிங்க, நாங்க நியூஜெர்சி. பாடம் மாத்தறது வேற, ப்ரோக்ராமையே விடறது வேற, அத தயவுசெஞ்சு பிரிச்சுப் பாருங்க. எங்க பெரியவன் பத்தாவது பாதில மேக்னட் வேண்டாம்னு வீட்டுப் பக்கத்து ஸ்கூலுக்கு வந்துட்டான். அங்க மேத்ஸ்ல இவன் லெவலுக்கு கிளாஸே இல்ல, பன்னெண்டாவதுல கம்யூனிட்டி காலேஜுக்குப் போய்தான் மல்டிவேரியபிள் கால்குலஸ் எடுத்தான், வாரத்துல மூணு நாள் நான்தான் கார்ல கூட்டிட்டுப் போவேன். திரும்பிப் போலாமான்னு கேட்டோம், சீட்ட வெயிட்லிஸ்ட்ல இருந்த பிள்ளைக்குக் குடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. அவன் சந்தோஷமாத்தான் இருக்கான், மார்ச்சிங் பேண்ட், ஃப்ரெண்ட்ஸ்னு. ஆனா விடறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல்ல மேத்ஸ் எதுவரைக்கும் இருக்குன்னும், எந்தத் தேதிக்கு அப்புறம் பாடத்த விட்டா ட்ரான்ஸ்கிரிப்ட்ல டபிள்யூ (W, பாடத்த பாதில விட்டதுக்கான குறி) விழும்னும் எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, எங்ககிட்ட அத யாரும் சொல்லல.