புது வீட்டு ஹாலுக்கு எல் ஷேப் சோஃபா எடுக்கலாமா? அத்தைக்கு முட்டிவலி, சின்னப் பையன் வேற

திருச்சிமருமக:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சி கே.கே. நகர் பக்கம் வீடு கட்டி தை மாசம் பால் காய்ச்சி குடி வந்துட்டோம். 12 வருஷமா வாடகை வீடுங்கறதால சாமான்னு பெருசா ஒண்ணும் சேர்க்கல, ஒரு கட்டில், பீரோ, நாலு பிளாஸ்டிக் சேர், அவ்ளோதான். இப்ப ஹால்ல நின்னு பேசினா எதிரொலிக்குது.

ஹால் 11க்கு 17. கிழக்கு பார்த்த வாசல், அந்த 11 அடி சுவத்துலயே கதவுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஜன்னலும் இருக்கு. உள்ள நுழைஞ்சா வலது கைப்பக்கம் வடக்கு சுவத்துல பெரிய ஜன்னல், இடது பக்கம் தெற்கு சுவத்துக்கு நட்டநடுவுல பெட்ரூம் கதவு (ஏன் அங்க வச்சோம்னு கேக்காதீங்க, வாஸ்து). நேரா மேற்கால கிச்சன், அதுக்கு முன்னாடி டைனிங்னு 8க்கு 9 இடம்.

எங்க வீட்டுக்காரர் ஷோரூம்ல ஒரு எல் ஷேப் சோஃபா பாத்துட்டு வந்து அதுலயே நிக்கிறாரு, ஒரு பக்கம் 9 அடி இன்னொரு பக்கம் 6 அடி, 68 ஆயிரம். மொத்த பட்ஜெட்டே ஒன்றரை லட்சம், இதுல ரெண்டாவது பெட்ரூமுக்கு கட்டிலும் வாங்கணும். அந்த ரூம்ல அத்தையும் பிள்ளைங்களும் படுப்பாங்க, பொண்ணுக்கு 10 வயசு, பையனுக்கு 3. அத்தைக்கு முட்டிவலி, கீழ உக்காந்தா எழுந்திரிக்க ஒரு ஆள் வேணும். டைனிங் டேபிள் வாங்கலாம்னா அவர் வேஸ்டுங்கறாரு, வாங்கினா துணி மடிக்காம குமிச்சு வைக்கத்தான் ஆகுமாம். பொய்யும் இல்ல. என்ன பண்ணலாம் சொல்லுங்க.

பேப்பர்விரிச்சவன்:
சகோ, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. பழைய நியூஸ்பேப்பரை ஒட்டி அந்த சோஃபா அளவுக்கே தரையில விரிச்சு டேப் போட்டு ஒட்டிடுங்க, ரெண்டு நாள் அதை மிதிக்காம வீட்டுக்குள்ள நடமாடிப் பாருங்க. ஷோரூம் கூரை 15 அடி இருக்கும், அங்க எல்லா சோஃபாவும் சின்னதாத்தான் தெரியும்.

நீங்க சொன்ன அளவை நானும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாத்தேன். எல்லோட மூலை எங்க போகும்? வடகிழக்கு மூலைல போட்டா 6 அடி கை வாசக்கதவு பக்கம் வந்துடுது, வடமேற்குல போட்டா கிச்சனுக்கு போற வழில நீட்டிக்கிட்டு நிக்கும். அதே நேரா இருக்கற மூணு சீட் சோஃபான்னா வடக்கு ஜன்னலுக்கு கீழ போட்டுட்டு எதிர்ல தெற்கு சுவத்துல, பெட்ரூம் கதவுக்கு மேற்கால டிவி மாட்டிக்கலாம். சோஃபா ஆழம் 3 அடி, டிவி யூனிட் ஒண்ணேகால் அடி போனாலும் நடுவுல ஆறரை அடிக்கு மேல கிடைக்குது, 43 இன்ச் டிவிக்கு அது சரியான தூரம், ஆளுங்க நடக்கவும் வழி இருக்கும்.

அப்புறம் முக்கியமானது, வாசக்கதவு, கேட், எங்கயாவது திரும்பணும்னா அந்த திருப்பம் எல்லாத்தையும் அளந்துக்கங்க. நாங்க ரெண்டாவது மாடி, சோஃபா மாடிப்படி திருப்பத்துல மாட்டிக்கிட்டு மேலயும் போகாம கீழயும் வராம முக்கா மணி நேரம் நின்னுச்சு, கடைசில பால்கனி வழியா கயிறு கட்டி தூக்கினோம், தெருவே வேடிக்கை பாத்துச்சு.

தச்சுப்பட்டறை:
அப்பா ஆசாரி, நானும் இப்ப அதே வேலைதான். கடைக்காரங்க சொல்லாத ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன்மா.

சோஃபால மேல துணியைப் பாக்காதீங்க, உள்ள சட்டம் என்னன்னு கேளுங்க. தலைகீழா கவுத்து அடித்துணியை கொஞ்சம் விலக்கிக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா வேற கடை. பேக்கிங் பெட்டி கட்டையில அடிச்சிருப்பான், பையன் ரெண்டு தடவை குதிச்சா முடிஞ்சுது. திருச்சி வெயிலுக்கு ரெக்சின் வேண்டவே வேண்டாம், முதுகு ஒட்டும், நாலு வருஷத்துல தோல் உரியும். கழட்டித் துவைக்கற மாதிரி உறை போட்ட துணிதான் பிள்ளைங்க வீட்டுக்கு சரி.

கட்டில், டிவி யூனிட் எதுவா இருந்தாலும் பார்ட்டிக்கிள் போர்டுன்னா, அதாவது மரத்தூளை பசை போட்டு அழுத்தின பலகைன்னா யோசிங்க. நம்ம வீட்ல தினம் ஈரத்துணி போட்டு தொடைக்கிறோம், அடிப்பக்கம் தண்ணி ஏறி பிஸ்கட் மாதிரி ஊதிடும். எதை வாங்கினாலும் தரையை விட்டு அஞ்சாறு இன்ச் கால் வச்சதா வாங்குங்க, மாப் உள்ள போகும், கரப்பான் குடும்பம் நடத்தாது. கிச்சன் கபோர்டு செய்யப் போறீங்கன்னா பிளைவுட்ல ஐஎஸ் 710னு சீல் இருக்கணும், அது பிடபிள்யூபி, தண்ணிக்கு தாங்கும். பெட்ரூமுக்கு அதுக்கு ஒரு படி கீழ இருக்கற பிடபிள்யூஆர் போதும், அங்கயும் 710 போட்டே ஆகணும்னு சொல்றவன் உங்க பட்ஜெட்டை பாக்கல.

3 வயசு பையன் இருக்கான்ல, உயரமான ஷெல்ஃப், டிவி ஸ்டாண்டு எதுவானாலும் எல் கிளாம்ப் போட்டு சுவத்தோட சேத்து முறுக்கிடுங்க. டிராயரை இழுத்து படி மாதிரி ஏறுவானுங்க.

செட்டிநாட்டுக்காரி:
அம்மாடி, ஒன்றரை லட்சத்தையும் ஒரே மாசத்துல செலவழிக்காதே. மொத்தமா வாங்கிப் போட்டுட்டு அப்புறம் இடிச்சுக்கிட்டு நடக்கறவங்களை நிறைய பாத்திருக்கேன்.

முதல்ல உங்க அத்தையைக் கேளு. முட்டிவலிக்காரங்களுக்கு ஷோரூம் சோஃபா எதிரி, 15 இன்ச் உயரத்துல இருக்கும், உக்காந்தா உள்ள புதைஞ்சுடும், பிடிச்சு எழுந்திரிக்க கையும் இருக்காது. கை வச்ச மரச்சேர், உக்கார்ற உயரம் 18 இன்ச், கெட்டி குஷன், அதுதான் அவங்களுக்கு. காரைக்குடில முனீஸ்வரன் கோயில் தெரு இருக்கு, வரிசையா பழைய சாமான் கடைங்க, திருச்சில இருந்து ஒருநாள்ல போயிட்டு வந்துடலாம். பழைய தேக்கு சேர் கிடைச்சா விடாதே. ஆனா வெளியூர்க்காரின்னு தெரிஞ்சா விலை ஏத்துவாங்க, கேட்டதுல பாதில இருந்து ஆரம்பி, சேரைக் கவுத்து காலடியில மாவு மாதிரி தூள் கொட்டுதான்னு பாரு. கொட்டினா உளுத்துப்போச்சு, விட்டுடு.

டைனிங் டேபிள் விஷயத்துல உங்க வீட்டுக்காரர் சொல்றது தப்பு. மத்தவங்க எல்லாம் தரையில உக்காந்து சாப்பிட, அந்த அம்மா மட்டும் பிளாஸ்டிக் சேர்ல மடியில தட்டை வச்சுக்கிட்டு சாப்பிடுவாங்களா? 8க்கு 9ல ஆறு பேர் டேபிள் அடைசல், நாலுக்கு ரெண்டரை அளவுல நாலு பேர் டேபிள் ஒரு பக்கம் சுவத்தை ஒட்டிப் போடு, நாற்காலியைப் பின்னால இழுக்க ரெண்டரை அடி விடு. துணி குமிஞ்சா குமியட்டும்.

விருந்தாளி வந்தா படுக்க சோஃபா கம் பெட் எல்லாம் வேண்டாம். ரெண்டு பவானி ஜமக்காளம், நாலு பத்தமடை கோரைப்பாய், சுருட்டி லாஃப்ட்ல போடு. நடு ஹால் காலியா இருந்தா ஒரு விசேஷத்துக்கு பத்து பேர் படுத்துக்கலாம்.

மூணாவதுமாடி:
எல்லாரும் எல் ஷேப்பை திட்டறீங்க, எங்க வீட்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை நாலு பேரும் அதுலயேதான் கிடக்கறோம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்க ஹால்ல ஒரே ஒரு கதவுதான், அது மூலைல இருக்கு. நடுவுல கதவு வச்ச ஹாலுக்கு கஷ்டம்தான்.

ஊஞ்சல் ஆசை யாருக்காவது இருந்தா கான்கிரீட் போடறப்பவே கொக்கி விட்டிருக்கணும். இப்ப சீலிங்ல துளை போடறதுன்னா இன்ஜினியரை கேக்காம பண்ணாதீங்க, வயர் பைப் அங்கதான் ஓடுது.

ரெண்டாவது ரூம்ல மூணு பேருக்கும் சேத்து ஒரே கிங் சைஸ் போட்டுடாதீங்க. அத்தைக்கு தனியா ஒத்தை கட்டில், பாத்ரூம் பக்கமா, ராத்திரி எழுந்தா யாரையும் தாண்டாம போற மாதிரி. பிள்ளைங்களுக்கு 5க்கு ஆறரை குயின் சைஸ் போதும்.

திருச்சிமருமக:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேப்பர் விரிச்சோம்! முதல் நாள் சாயங்காலமே எங்க வீட்டுக்காரர் போன் பேசிக்கிட்டே கிச்சனுக்குப் போனவரு நேரா சோஃபா மேல ஏறி நின்னாரு, பொண்ணு "அப்பா அவுட்"டுன்னு கத்துனா. ரெண்டாவது நாள் அவரே பேப்பரை உருவிட்டாரு. மூணு சீட் சோஃபான்னு முடிவாயிடுச்சு, சட்டத்தை கவுத்துக் காட்ட ஒரு கடைக்காரர் ஒத்துக்கிட்டாரு, இன்னொருத்தர் முறைச்சாரு.

ஆச்சி சொன்ன மாதிரி அத்தைகிட்ட கேட்டேன். எனக்கு டிவி தெரியலன்னாலும் பரவால்ல, கேட்டுல யார் வர்றாங்க போறாங்கன்னு தெரியற மாதிரி ஒரு நாற்காலி போடும்மான்னாங்க. 12 வருஷம் மாடி வீட்ல ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு சுவரைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க, எனக்குத்தான் தோணவே இல்ல. அதான் கிழக்கு ஜன்னல்கிட்ட அவங்க இடம்னு விட்டாச்சு. வர்ற ஞாயிறு காரைக்குடி போறோம், டேபிளுக்கும் அவர் சரின்னுட்டாரு.

ஒரே ஒரு சந்தேகம், அந்த கிழக்கு ஜன்னலுக்கு கர்ட்டன் 5 அடி போதுமா 7 அடி போடணுமா? காலைல வெயில் நேரா மூஞ்சில அடிக்கும்.

செட்டிநாட்டுக்காரி:
சின்ன ஜன்னல்னா 5 அடியே போதும், 7 அடி கதவுக்கு. ஆனா ரெண்டு பாகமா பிரிச்சுப் போடும்மா, வெயில் அடிக்கிற பக்கத்தை மட்டும் மூடிக்குவாங்க, கேட் பக்கம் திறந்து இருக்கட்டும்.