வாசல் வரை வந்துபோனவை: மலையில் குடியிருக்கும் குடும்பங்களின் அனுபவங்கள்

சோலையாறு மருமகள்

எந்த எஸ்டேட் என்று எழுதவில்லை. வால்பாறையில் லைன் வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள், எல்லாம் ஒரே மாதிரிதான். முன்னால் கொஞ்சம் வாசல், அதைத் தாண்டினால் தேயிலை. கழிப்பறை பின்பக்கம், இருபது அடி தள்ளி.

ஒரே வருடத்தில் மூன்று முறை காட்டு விலங்கு வந்துவிட்டது. முதலில் கோழி போனது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தது எங்கள் நாய் மணி. நள்ளிரவுக்குப் பிறகு சங்கிலி ஒரே ஒரு முறை இழுபட்ட சத்தம் கேட்டது. அவன் குரைக்கக்கூட இல்லை. காலையில் சங்கிலி கட்டிய இடத்திலேயே கிடந்தது, நுனியில் கழுத்துப்பட்டை அறுந்து தொங்கியது.

மூன்றாவது என் மகன். ஐந்து வயது. போன மாதம் ஒரு நாள் மழை, மாலை ஆறே முக்கால், மின்சாரம் இல்லை. நான் டார்ச்சைத் தேடி எடுப்பதற்குள் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டான். வெளிச்சம் அடித்துப் பார்த்தால் பாதி வழியில் நிற்கிறான். அவனுக்கு எதிரே தேயிலைச் செடியின் தூரடியில், தரையோடு தரையாக இரண்டு கண்கள். அவன் என் பக்கம் திரும்பி, "அம்மா, பூனை" என்றான். சொல்லிவிட்டு அதைக் கூப்பிடக் குனிந்தான்.

அந்தக் குனிவுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை. நான் கத்தினேன் என்று அத்தை சொல்கிறார், எனக்கு நினைவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததும், பித்தான் தெறித்ததும் மட்டும் நினைவிருக்கிறது. விடிந்த பிறகு வனத்துறையிலிருந்து வந்து சேற்றில் கால்தடம் பார்த்தார்கள். சிறுத்தைதான். பித்தான் கிடந்த இடத்திலிருந்து அந்தத் தடம் ஆறடிகூட இல்லை.

என் கணவர் திருப்பூருக்குப் போய்விடலாம் என்கிறார். அத்தை இந்த மலையில் 38 வருடம் கொழுந்து பறித்தவர், வரமாட்டேன் என்கிறார். உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன்.

முடீஸ் தம்பி

அக்கா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. எங்களுக்கு நடந்தது யானை.

எங்கள் பக்கம் சிவப்பு விளக்கு இருக்கிறது. கைப்பேசியிலிருந்து அழைத்தே எரிய வைக்கலாம். யானை அருகில் இருந்தால் எரியும், தூரத்திலிருந்தே தெரியும். குறுஞ்செய்தியும் வரும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புக்காரர்கள் 2011-இல் தொடங்கியது. அந்த வேலைக்காக அந்த அமைப்பின் ஆனந்தகுமார் சாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. அன்றைக்கு விளக்கு எரிந்தது, குறுஞ்செய்தியும் வந்தது. அதனால்தான் யாரும் வெளியே இல்லை. ஆனால் அன்று காலைதான் ரேஷன் அரிசி வாங்கி வைத்திருந்தோம்.

ஜன்னல் சட்டத்தோடு உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாகத் துதிக்கை வந்தது. ஜன்னலுக்குக் கீழேதான் பாட்டி படுத்திருந்தார். அரிசி மூட்டை எதிர் மூலையில். துதிக்கை நுனி நேராக அரிசிக்குப் போகவில்லை. பாட்டியின் போர்வையைத் தலையிலிருந்து கால்வரை மெதுவாக மோந்துகொண்டே போனது. ஈரமான மூச்சு. போர்வையின் ரோமம் அசைந்ததை நான் பார்த்தேன். பாட்டி விழித்துதான் இருந்தார். கண்ணை மூடவும் இல்லை, அசையவும் இல்லை. பிறகு அது மூட்டையை இழுத்துக்கொண்டது, உப்பு டப்பாவையும் சேர்த்து.

இப்போது வீட்டில் இரண்டு நாள் அரிசிக்கு மேல் வைப்பதில்லை. பாட்டி அந்தப் போர்வையைத் துவைக்க விடமாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

கூடலூர் வாசகன்

சகோதரி, மன்னிக்கவும், இங்கே எல்லோரும் பொறுமையாகக் கதை சொல்வதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஆறடி தூரத்தில் சிறுத்தை நின்றிருக்கிறது. கூண்டு வைத்துப் பிடித்துக் கொண்டுபோய் விடச் சொல்லி மனு கொடுங்கள். லைன் முழுவதும் கையெழுத்துப் போடுங்கள். தம்பி, சிவப்பு விளக்கு நல்லதுதான். ஆனால் விளக்கு எரிந்தும் ஜன்னல் உடைந்ததே?

எங்கள் கதை சிறியது. அப்பா பால் ஊற்றிவிட்டு விடியற்காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வளைவில் ஒற்றைக் கொம்பன் யானை நின்றது. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் குதித்தார், தப்பித்தார். பால் கேனை அது மிதித்த சத்தம் வீடுவரை கேட்டது. தட்டையான அந்தக் கேன் இன்றும் எங்கள் கொட்டகையில் தொங்குகிறது. அதற்குப் பிறகு அப்பா பால் தொழிலையே விட்டுவிட்டார். 61 வயது ஆளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது அந்த ஒரு நிமிடம். அதனால்தான் கோபமாக எழுதுகிறேன்.

நாற்பது கொண்டை ஊசி

பொள்ளாச்சி – வால்பாறை வழித்தடத்தில் பஸ் நடத்துநராக 26 வருடம் இருந்தவன் நான். நான் பார்த்தது: கடைசி நடையில், ஒன்பதாவது வளைவுக்கு மேலே, தடுப்புச் சுவரில் ஒரு சிறுத்தை படுத்திருந்தது. பஸ் கடந்து போகும்வரை வாலைக்கூட எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் கூடலூர் நண்பர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிடித்து வேறு இடத்தில் விடுவது தீர்வு இல்லை, ஐயா. மகாராஷ்டிராவில் ஜுன்னர் பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றத் தொடங்கிய பிறகு, ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல்கள் 17 ஆக உயர்ந்தன. தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட விலங்கு அலையும், மிரளும். காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். ஒரு சிறுத்தை போனால் மலை காலியாகிவிடாது.

சோலையாறு மகளே, உங்கள் பையன் குனிந்தது ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். நிமிர்ந்து நிற்கும் பெரிய ஆளைச் சிறுத்தை பெரும்பாலும் தவிர்க்கும். குனிந்தாலோ உட்கார்ந்தாலோ நாலு கால் பிராணியின் உயரம் வந்துவிடுகிறது. குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். கொழுந்துக் காட்டில் பெண்கள் குனிந்து வேலை செய்யும்போது பேசிக்கொண்டே செய்யச் சொல்வது இதனால்தான். இருட்டிய பிறகு பெரியவர் முன்னால், குழந்தை நடுவில், இன்னொருவர் பின்னால். எதிரே பார்த்துவிட்டால் ஓடக் கூடாது, முதுகு காட்டக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சத்தம் போட்டபடி பின்னோக்கி நகர வேண்டும். வீட்டைச் சுற்றி உண்ணிச்செடிப் புதர் இருந்தால் வெட்டிவிடுங்கள், பகலில் அது படுப்பது அதற்குள்தான். கோழிக்கூண்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கோழிக்கடைக் கழிவை ஓடைப் பக்கம் கொட்டுவதை யார் செய்தாலும் நிறுத்துங்கள். கழிவு இருக்கும் இடத்துக்கு நாய் வரும், நாய் இருக்கும் இடத்துக்கு அது வரும். உங்கள் மணி போனதும் அந்த வரிசையில்தான். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு கேட்டு நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பையனின் கால் கொலுசு...

கோத்தகிரி ஆசிரியை

நடத்துநர் ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பெண் கேட்டது அது இல்லை. வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் கரடி. நீலகிரியில் கோயில் விளக்கு எண்ணெய்க்காகக் கரடி கதவை உடைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது எங்கள் சமையலறைக்கும் வந்தது. சத்தம் கேட்டு நான் கணவர் என்று நினைத்து, "விளக்கைப் போடுங்கள்" என்றேன். அவர் என் பக்கத்தில் படுத்திருந்தார். அவர் கை என் வாயைப் பொத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் டின்னை உறிஞ்சும் சத்தம். கால் மணி நேரம் இருக்கும். என் மகள் இடையில் புரண்டு படுத்தாள். அவள் தும்மிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு, எட்டு வயதில், படுக்கையை நனைக்கும் பழக்கம் வந்தது. நாங்கள் அதட்டவில்லை. இரவு படுக்கும் முன் மூவரும் சேர்ந்து ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவோம். கடைசித் தாழ்ப்பாளை அவள்தான் போடுவாள். நாலைந்து மாதத்தில் பழக்கம் நின்றது. சகோதரி, உங்கள் மகன் அதை இன்னும் பூனை என்றுதான் நினைக்கிறானா?

கூடலூர் வாசகன்

ஜுன்னர் கணக்கை மறுக்கவில்லை. அங்கே கரும்புத் தோட்டம், இங்கே தேயிலை. எல்லாம் ஒன்றாகுமா? என் அப்பாவிடம் போய்ப் "பின்னோக்கி நகர வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள் ஐயா. யானைக்கு முன் அதெல்லாம் நடக்காது.

நாற்பது கொண்டை ஊசி

யானைக்கு நான் சொல்லவே இல்லையே. அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சோலையாறு மருமகள்

எல்லோருக்கும் நன்றி. ஐயா, கொலுசைக் கழற்றிவிட்டேன். அது சரியா தப்பா தெரியவில்லை, அந்தச் சத்தம் எனக்கே பயமாகிவிட்டது. புதரை என் கணவரும் பக்கத்து வீட்டு ஜார்கண்ட் பையன்களும் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள். விளக்குக்கு எழுதிக் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் வரவில்லை. கூடலூர் அண்ணா, மனுவிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டையும்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

டீச்சர், அவன் அதைப் பூனை என்று சொல்வதில்லை. எதுவுமே சொல்வதில்லை. ஆறு மணி ஆனால் தானாகவே உள்ளே வந்து வாளியை எடுத்து மூலையில் வைக்கிறான். நேற்று இரவு கீழ் லைனில் நாய்கள் குரைத்தன. எல்லோரும் விழித்துக்கொண்டோம், யாரும் பேசவில்லை. அத்தை மட்டும் எழுந்து பின்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். அவன் எழுந்து போய் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். நான் இன்று மஸ்டருக்கு, காலை வேலைப் பதிவுக்கு, கிளம்பும்போதும் அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.