ராத்திரியில் புதினாவையும் துளசியையும் தின்றது எது? கண்டுபிடித்தவர்கள் சொல்லுங்கள்

நான் தாம்பரம் பக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் தரையோடு இருக்கும் தொட்டி எதுவும் தப்பாது. சாயங்காலம் தளதளவென்று நின்ற திருநீற்றுப்பச்சிலை, விடிந்தால் காம்பும் நடுநரம்புமாக நிற்கும். இதைப் போட்டோ எடுத்து "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது வேப்பெண்ணெய்தான். வந்து போனது நத்தை என்றால் வேப்பெண்ணெயை நம்பி என்ன பிரயோஜனம்? முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும், மருந்து அப்புறம்.

நான் இலையைப் பார்ப்பேன், அடுத்து தொட்டியின் விளிம்பைப் பார்ப்பேன். ஓரம் நடு என்று பார்க்காமல் கோணல்மாணலாக ஓட்டை விழுந்திருந்தால் நத்தை மேல்தான் சந்தேகம். காலை வெயில் சாய்வாக விழும்போது விளிம்பில் காய்ந்த பசைக்கோடு மினுமினுக்கும். அது இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போனால் ஆளே கிடைக்கும். இலைக்கு அடியில், ஓடில்லாத வகை ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டிக்கு அடியில் கைவிரல் நீளத்துக்கு ஓடு உள்ளது இருந்தால் அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டது, இன்று நம் கொல்லை வரை வந்துவிட்டது. அதை வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகளை அது சுமக்கும். மனிதர் உடம்புக்குள் போனால் மூளைச் சவ்வு வரை பாதிக்கும். நத்தை ஊர்ந்த புதினாவைத் துவையலுக்குப் பறிக்கிறவர்கள் நன்றாக அலசுங்கள், பச்சையாகப் போடாமல் வதக்கிவிடுங்கள்.

பிடிக்க எளிய வழி ஈரச்சாக்கு. சாயங்காலம் நனைத்து, அதன் அடியில் முட்டைக்கோஸ் தோலோ பப்பாளி இலையோ போட்டு தொட்டிகளுக்கு நடுவில் விரித்துவிடுங்கள். விடிகாலையில் தூக்கினால் அடியில் கும்பலாக இருக்கும். கையுறையோடு பொறுக்கி உப்புக்கரைசல் வாளியில் போட வேண்டியதுதான். உப்பைத் தொட்டியில் தூவாதீர்கள், மண் கெட்டுச் செடியும் போகும். சுற்றிலும் சாம்பல் தூவலாம், ஆனால் ஒரு தூறல் போட்டதும் அது வேலைக்கு ஆகாது. கடையில் கிடைக்கும் நத்தை மருந்து நாய் தின்றால் நாய்க்கே எமன். பீர் வைத்தால் நத்தை வந்து விழும் என்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு அனுமதி இல்லை.

—

அக்கா, எங்களுடையது மதுரையில் மொட்டைமாடித் தோட்டம். பசைக்கோடு எதுவும் இல்லை, ஆனால் புதினா இலை தினமும் குறைந்துகொண்டே வந்தது. அடி இலைகளில் உருண்டை உருண்டையாகக் கரும்பச்சை எச்சம். அது புழுவின் வேலை என்று பக்கத்து வயல்காரர் ஒருவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். தண்டின் அடியில் விரலால் லேசாக மண்ணைக் கிளறச் சொன்னார். கொழுத்த புழு, பக்கவாட்டில் கருந்திட்டு, தொட்டதும் சுருண்டு கிடந்தது. பகல் முழுக்க மண்ணுக்குள் தூங்கி, இருட்டியதும் ஏறி வந்து தின்கிறது. புரோடீனியா என்பார்களே, அந்தப் புகையிலைப் புழுதான்.

இதைச் சின்னதிலேயே பிடிப்பது சுலபம். தாய் அந்துப்பூச்சி இலைக்கு அடியில் நூற்றுக்கணக்கில் முட்டையைக் குவித்து, மேலே பழுப்பு ரோமத்தால் மூடி வைக்கும். பஞ்சு ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைப்போம். அந்த ஒரு இலையைக் கிள்ளி எறிந்தால் ஒரு கூட்டமே போய்விடும். பொரித்த குஞ்சுகள் கும்பலாகப் பச்சையத்தைச் சுரண்டும், இலை கண்ணாடிக் காகிதம் மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்ததும் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தால் கேட்கும். அடிப்பது சாயங்காலமாக இருக்கட்டும்: வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் போய்விடும், புழுவும் ராத்திரிதானே மேலே வருகிறது. பெரிதானவற்றைக் கையால் பொறுக்குவதுதான் நிச்சயம். வயலில் வரப்போரம் ஆமணக்கு நடுவார்கள், பூச்சி முட்டையிட அதைத் தேடிப் போகும் என்று. நான் ஒரு தொட்டியில் ஆமணக்கு வைத்து, அதன் இலையைத்தான் தினமும் புரட்டிப் பார்க்கிறேன்.

கொத்தமல்லி நாற்று மண்மட்டத்தில் துண்டாகிச் சாய்ந்து கிடந்தாலும் இதே போல மண்ணைக் கிளறுங்கள். வெட்டுப்புழு பக்கத்திலேயேதான் இருக்கும்.

—

எங்கள் வீட்டில் நத்தையும் இல்லை, புழுவும் இல்லை. தண்டே சாய்வாக, சுத்தமாக அறுபட்டிருந்தது. அறுத்த துண்டையும் காணோம். தொட்டிக்குப் பின்னால் எலிப்புழுக்கை. விதைத்த தனியாவையும் தோண்டித் தின்றிருந்தது. கம்பிவலை போட்டு மூடினோம், அதோடு சரி. மருந்து எதுவும் அடிக்கவில்லை.

—

தம்பி சொன்ன ஆமணக்கு யோசனை எனக்குப் புதிது, வைத்துப் பார்க்கிறேன்.

கறிவேப்பிலைக்கு ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பறவை எச்சம் விழுந்தது போல இலை மேல் கிடக்கிறதே, தொட்டால் தலையில் சிவப்புக் கொம்பு நீட்டி நாற்றம் விடுகிறதே, அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். பட்டப்பகலில்கூட நம் கண் முன்னாலேயே தின்னும். மரம் பெரிதென்றால் விட்டுவிடலாம், நான் விட்டுவிடுகிறேன். முழங்கால் உயரக் கன்று என்றால் மட்டும் எடுத்துப் பெரிய மரத்தில் போடுங்கள்.

கோடை மழை விழுந்த மறுநாள் முருங்கையும் வேம்பும் சல்லடையாகி நின்றால் அது வேறு கணக்கு. மண்ணுக்குள்ளிருந்து புறப்பட்ட பழுப்பு வண்டுகள் இருட்டியதும் கூட்டமாக வந்து மேயும். வேப்பிலையையே தின்னும் ஜாதி. விளக்கைப் போட்டு அடியில் சோப்புத் தண்ணீர்த் தட்டு வைத்தால் வந்து விழும், ஆனால் அந்த முதல் மழையை ஒட்டிய ராத்திரிகளில் வைக்க வேண்டும்.