மறுமொழி: மூளைத் தமனிக்குச் 'சுவர்ப்படிமம்'

வணக்கம்.

இரத்தக்குழாயின் சுவரையே எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படமெடுக்கும் 'வெசல் வால் இமேஜிங்' முறைக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக நண்பர் தந்த 'உயர்நிலைப் படிமவியல்' என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. நாளைக்கே இதைவிட உயர்ந்த கருவி வந்துவிட்டால் அதற்கு என்ன பெயர் வைப்போம்? சொல்லில் 'சுவர்' இருந்தே தீர வேண்டும். இந்த முறை பிறந்ததே சுவரைப் பார்க்கத்தான்.

ஆஞ்சியோகிராம் காட்டுவது இரத்தம் ஓடும் புழையை. புழை எத்தனை விழுக்காடு குறுகியது என்று சொல்லும்; ஏன் குறுகியது என்பதில் பெரும்பாலும் மௌனம். நடு மூளைத் தமனியில் 70% குறுக்கம் உள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சுவரின் ஒரு பக்கத்தில் கொழுப்புக் காறை (பிளாக் எனும் படிவு). மற்றவருக்கு அழற்சியால் சுற்றிலும் சீரான தடிப்பு. ஆஞ்சியோகிராமில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆனால் முன்னவருக்கு ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும், பின்னவருக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு. காறை வெளிப்புறமாகப் பருத்தால் புழை குறுகாமலே நோய் ஒளிந்திருப்பதும் உண்டு.

விழுக்காட்டை மட்டும் நம்புவதற்குப் பெரிய அடி கொடுத்தது, மூளைத் தமனிக் குறுக்கத்துக்கு ஸ்டென்டையும் மருந்தையும் ஒப்பிட்ட 'சாம்ப்ரிஸ்' ஆய்வு. தமனி 70 முதல் 99% வரை குறுகியவர்களில் ஒரு சாராருக்கு, குழாயை விரித்துவைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் வைத்துப் பார்த்தார்கள். 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது அவர்களில் 14.7% பேருக்கு, தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5.8%. 2011இல், 451 பேரோடு ஆள் சேர்ப்பையே நிறுத்திவிட்டார்கள்.

'நாளச்சுவர்' என்று ஒரு பரிந்துரை வந்தது. அழகான சொல்தான். ஆனால் நாம் தமனி, சிரை என்பதை இலங்கைப் பாடநூல்கள் நாடி, நாளம் என்கின்றன. யாழ்ப்பாணத்து மாணவர் 'நாளச்சுவர்' என்று படித்தால் சிரைக்குள் தேடப் போய்விடுவார். ஆகவே முழுப்பெயர் 'இரத்தக்குழாய்ச் சுவர்ப்படிமம்', சுருக்கமாகச் 'சுவர்ப்படிமம்'.

சுவர்ப்படிமத்தில் இரத்தத்தைக் கருப்பாகக் காட்டும் 'பிளாக் பிளட்' முறைக்குக் 'கருங்குருதி' வேண்டாம். கெட்ட இரத்தம் என்று நோயாளி பயந்துவிடுவார். ஓடும் இரத்தத்தின் சமிக்ஞையை அடக்கிச் சுவரை எடுத்துக்காட்டுவதே அங்கு நடப்பது. 'குருதி மறைப்பு முறை' போதும்.

எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது, ஸ்கேனில் சுவர் பளிச்சிடுவதைக் குறிக்கும் 'என்ஹான்ஸ்மென்ட்' என்பதற்குச் 'சுவர் மேம்பாடு'! படம் தெளிவாகத் தெரிய ஊசியில் செலுத்தும் கடோலினியம் மருந்தை ஏற்றியதும் காறை பளிச்சென்று தெரிந்தால் அது அண்மையில் தொல்லை கொடுத்த காறையாக இருக்கக்கூடும். அதைப் போய் மேம்பாடு என்றால் வீட்டார் இனிப்பு வாங்கி வந்துவிடுவார்கள். 'சுவர் ஒளிர்வு' என்று வைக்கலாமா?

——

ஐயா, வணக்கம். சுவர்ப்படிமத்துக்கு என் வாக்கு உண்டு. 'ஒளிர்வு' மட்டும் இடிக்கிறது; இயற்பியலார் அதைத் தாமே ஒளி உமிழும் பொருளுக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் அறையில் 'மருந்து எடுத்திருக்கிறது' என்றுதான் பேசிக்கொள்கிறோம். அதையே 'மருந்தேற்பு' ஆக்கினால் என்ன?

——

மருந்தேற்பு என்றால் உடல் மருந்தை ஏற்றுக்கொண்டது என்றும் படிக்கலாமே. 'சாயமேற்பு' என்று மாற்றிக்கொள்ளலாமா? கடோலினியம் சாயம் இல்லை என்று வேதியியலார் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஸ்கேன் அறையில் எல்லோரும் 'டை' (சாயம்) என்றுதானே சொல்கிறார்கள். மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.