மூலை மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள்

பழைய கௌபாய் சீரியல் பைத்தியங்கள் யாராவது இருக்கீங்களா? எந்த முகத்தைப் பார்த்து மாட்டிக்கிட்டீங்கன்னு சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்கா வந்த புதுசுல மீடிவி சேனல்ல ‘கன்ஸ்மோக்’ ஓடும். மார்ஷல், அதாவது ஊர் போலீஸ் அதிகாரி, மாட் டில்லனா வர்ற ஜேம்ஸ் ஆர்னஸ் ஆறடி ஏழங்குலம். நல்ல மனுஷன், நியாயவான், அதோட சரி. என் கண்ணெல்லாம் சலூன்னு சொல்ற மதுக்கடை மூலையில சீட்டாடிக்கிட்டிருக்கிற ஆள் மேலதான். ஜாக் எலம்! ஒரு கண்ணு நம்மளப் பார்க்கும், இன்னொண்ணு அது பாட்டுக்கு வேற எங்கேயோ போகும். சின்ன வயசுச் சண்டையில பென்சில் குத்திப் போன பார்வை. நடிக்க வர்றதுக்கு முன்னாடி கணக்கு எழுதிக்கிட்டிருந்தவர். 1968-ல வந்த டைரக்டர் செர்ஜியோ லியோனேவோட கௌபாய் படத்துல ரயிலுக்குக் காத்திருக்கிறப்போ தாடி மேல ஒரு ஈ உட்காரும். கையைத் தூக்கமாட்டார், உதட்டைக் கோணி ஊதியே விரட்டுவார். போகாது. கடைசில துப்பாக்கிக் குழலுக்குள்ள அதைப் பிடிச்சு அடைச்சுட்டு, உள்ளே அது ரீங்காரம் போடறதைக் கேட்டு ஒரு சிரிப்பு. வசனமே கிடையாது. இப்போ எந்த சீரியல்ல அவர் தலை தெரிஞ்சாலும் ரிமோட்டைக் கீழே வெச்சுடுவேன்.

—

என் ஓட்டு நடிகர் மார்கன் உட்வர்டுக்கு. ‘கன்ஸ்மோக்’ல மட்டும் 19 எபிசோட். ஒரு தடவை செத்துப்போவார், கொஞ்ச நாள்ல வேற பேர்ல வேற தொப்பியில, கதை நடக்கிற டாட்ஜ் சிட்டிக்குள்ள வருவார். மார்ஷலும் புது ஆளைப் பார்க்கிற மாதிரியே பார்ப்பார்! எங்க வீட்டுல “இவனைப் போன வாரமே சுட்டாச்சே”ன்னு கத்துவோம்.

காரணம் பெருசா ஒண்ணுமில்ல. ஆரம்பத்துல ஒரு சீசனுக்கு 39 எபிசோட். 1955-ல தொடங்கி 1975 வரைக்கும் மொத்தம் 635. குதிரை ஏறத் தெரிஞ்சு, வசனத்தை உடனே பிடிச்சுக்கிற ஆளுங்க எத்தனை பேர் கிடைப்பாங்க? கிடைச்சவங்களையே சுத்திச் சுத்திக் கூப்பிட்டாங்க. நமக்கு அதுதான் லாபம்.

—

அண்ணா, ‘கன்ஸ்மோக்’ல வர்ற ஃபெஸ்டஸை விட்டுட்டீங்களே! கோவேறு கழுதை மேல ஏறிக்கிட்டு, கரகரன்னு இழுத்து இழுத்துப் பேசுவாரே, அந்த கென் கர்டிஸ் அசல்ல பாடகர். ‘சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்’ குழுவுல பாடினவர். யூடியூப்ல அந்தப் பாட்டைக் கேட்டுட்டு, வேற யாரோன்னு நினைச்சுக் கடந்து போகப் பார்த்தேன். அவ்வளவு வழவழன்னு ஒரு குரல். ஃபெஸ்டஸ் ஆகறதுக்கு முன்னாடியே இதே சீரியல்ல வேற வேஷங்கள்லயும் தலைகாட்டியிருக்கார்.

‘பொனான்ஸா’ங்கிற இன்னொரு கௌபாய் சீரியல் பத்தி மட்டும் எனக்கு ஒரு மனக்குறை. சமையல்காரர் ஹாப் சிங்கா வர்ற விக்டர் சென் யங் சான் பிரான்சிஸ்கோல பிறந்தவர். சுத்தமான இங்கிலீஷ் பேசத் தெரிஞ்ச மனுஷனை, அத்தனை வருஷமும் உடைஞ்ச இங்கிலீஷ் பேசவெச்சு சிரிப்பு மூட்டினாங்க. அவர் கரண்டியோட கோபமா ஓடி வர்றப்போ எனக்கும் சிரிப்பு வந்துடுது, அது வேற விஷயம்.

—

‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளி சீரியல் ரசிகர்களுக்கு ஒரு தகவல். டாக்டர் மெக்காயா நடிச்ச டிஃபாரஸ்ட் கெல்லி 1966-க்கு முன்னாடி இந்த கௌபாய் ஊர்கள்லதான் வில்லனா சுத்திக்கிட்டிருந்தார். அதுல கூர்க்காது ஸ்பாக்கா வந்த லியனார்ட் நிமாய்கூட ‘வேகன் ட்ரெயின்’ கௌபாய் சீரியல்ல வருவார். காது சாதாரணமாத்தான் இருக்கும், நல்லா உத்துப் பாருங்க.