சண்டை வந்தால் வாயை மூடிக்கொள்வது மன உறுதியா?

கோவை விடுதிக்காரன்:
எம்.எஸ்சி. படிக்கிறேன். என் காதலி மதுரையில், யு.ஜி. நாளிலிருந்து பழக்கம். செமஸ்டர் நெருங்கினால் போனில் பேசுகிற எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடிகிறது. கோபமோ அழுகையோ வந்தால் அதை விழுங்கிவிட்டு 'ஒன்றுமில்லை, சரி' என்று வைத்துவிடுவேன், ஆம்பளை அழக்கூடாது என்றே வளர்ந்தவன். அவளோ உன்னிடம் பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று என்கிறாள். அப்புறம் எனக்குத் தூக்கமும் இல்லை, படிப்பும் ஏறவில்லை. அடக்கிக்கொள்பவன்தானே எதையும் தாங்குவான்?

உளவியல் முதுகலை:
இல்லை தம்பி. உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ஆலிவர் ஜானும் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வுகள் 2003-ல் வந்தன. உணர்ச்சியை வெளியே காட்டாமல் அமுக்குகிறவர்களுக்கு உள்ளே இருக்கும் வேதனை குறையவில்லை, நெருக்கமான உறவுகள்தான் குறைவாக இருந்தன. நடந்ததை வேறு கோணத்தில் எடுத்துப் பார்க்கப் பழகியவர்கள் மனநிலையிலும் நட்பிலும் மேலாக இருந்தார்கள். அதே ஆண்டு எமிலி பட்லர் குழு, முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக உட்கார வைத்து மனதைக் கலக்கும் விஷயம் ஒன்றைப் பேசச் சொன்னது. ஒருவர் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு பேசினால் எதிரே இருந்தவருக்கும் இரத்த அழுத்தம் ஏறியது. உங்கள் மௌனம் அவளையும் வதைக்கிறது.

பழைய சீனியர்:
அதற்காகக் கொதிப்போடு பேசிவிடாதே. நெஞ்சு படபடக்கும்போது, அதாவது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால், எதிராளி சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகியிருங்கள் என்கிறார் தம்பதிகளின் சண்டைகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன். ஆனால் சொல்லாமல் வைக்காதே. 'இப்போது பேசினால் கத்திவிடுவேன், ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறேன்' என்று சொல்லிவிட்டு வை, சொன்ன நேரத்துக்குக் கூப்பிடு. இடைவேளையில் அவள் சொன்னதையே அசைபோட்டால் கோபம் தணியாது, மாடிப்படி ஏறி இறங்கு, குளி.

மதுரைப் பொண்ணு:
நானும் மதுரைதான், ஆனால் உங்க ஆள் இல்லை. ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் யாராவது மட்டம் தட்டினாலோ போனை வாங்கிச் சோதித்தாலோ அதையும் 'வேறு கோணத்தில்' பார்த்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், அது உங்களுக்கும் பொருந்தும், அவங்களுக்கும் பொருந்தும். இன்னொன்று, மொத்தப் பாரத்தையும் அந்த ஒருத்தி தலையில் வைக்காதீங்க. அறைத்தோழன், அக்கா, நம்பிக்கையான ஆசிரியர், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்க. தூக்கமின்மை நீண்டால் 14416-க்குக் கூப்பிடுங்க, அது அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் இருக்கு, தமிழிலேயே பேசலாம்.

கோவை விடுதிக்காரன்:
அந்த ரத்த அழுத்த விஷயம் சுருக்கென்று தைத்தது. இன்று ராத்திரி நேரம் சொல்லிவிட்டு வைக்கிறேன், அதற்கு முன் அக்காவிடம் பேசிவிடுகிறேன்.