வேலையின்மை மிகுதி, வறுமை குறைவு: கேரளத்தின் இந்த இரு எண்களும் எப்படிப் பொருந்துகின்றன?

கேள்வி – சுருளியாறு

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளியல் படிப்புக்காக, மாநிலங்களின் வேலைவாய்ப்பு, வருமானம், வறுமை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கேரளத்துக்கு வந்தபோது அரசு வெளியிட்ட இரண்டு எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றுகிறது. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் 2023-24ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையே வேலையின்மை நாடு முழுவதற்கும் 3.2 விழுக்காடு, கேரளத்தில் 7.2 விழுக்காடு. 15 முதல் 29 வயது வரையுள்ளோரை மட்டும் பார்த்தால் கேரளத்தில் அது 29.9 விழுக்காடாக உயர்கிறது. ஆனால் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில், 2019-21 தரவின்படி, கேரளத்து வறியோர் 0.55 விழுக்காடுதான்; நாட்டிலேயே மிகக் குறைவான அளவு அது. மத்தியப் பிரதேசத்திலோ வேலையின்மை ஏறத்தாழ 1 விழுக்காடு, வறியோர் 20.63 விழுக்காடு.

வேலை இல்லாவிட்டால் வருமானம் இல்லை, வருமானம் இல்லாவிட்டால் வறுமை என்றே பாடநூலில் படித்திருக்கிறோம். இவ்விரு எண்களில் ஒன்று தவறா, அல்லது நான் படிக்கும் முறை தவறா? இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நான் கம்பத்துக்காரன். விடியற்காலையில் எங்கள் பகுதிப் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் மலையேறுகின்றன. தன் இளைஞர்களுக்கே வேலை தர முடியாத மாநிலம் வெளியிலிருந்து ஆட்களை அழைத்துக்கொள்வது எப்படி?

மறுமொழி – எண்ணும் எழுத்தும்

இரண்டு எண்களும் சரியானவையே. அவை வெவ்வேறு மக்களைப் பற்றிப் பேசுகின்றன என்பதுதான் சிக்கலுக்குக் காரணம்.

முதலில் வேலையின்மை. வேலை செய்யாதவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் வேலையில்லாதவர்கள் அல்லர். வேலை தேடியும், அல்லது வேலை செய்ய ஆயத்தமாக இருந்தும், கிடைக்கப்பெறாதவர்களே இதில் சேர்வார்கள். அதேபோல், தந்தையின் வயலில் கூலியில்லாமல் உழைக்கும் மகனும் மகளும் வேலையில் உள்ளவர்களாகவே பதிவாகிறார்கள். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் ஐந்து பேர் சேர்ந்து உழைத்தால், அந்த நிலத்துக்கு இருவரே போதும் என்றாலும், கணக்கெடுப்பு ஐவருக்கும் வேலை இருப்பதாகவே சொல்லும். மத்தியப் பிரதேசத்தின் 1 விழுக்காட்டுக்குப் பின்னால் இத்தகைய குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே வேலை இருக்கிறது, கூலிதான் இல்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

அடுத்து, வேலைக்காகக் காத்திருக்க வேண்டுமென்றால் காத்திருக்கும் காலத்தில் சோறு போட யாராவது இருக்க வேண்டும். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில் பிறந்தவர், படிப்புக்கேற்ற வேலை வரட்டும் என்று இரண்டு ஆண்டுகள் அரசுப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்க முடியாது. கிடைத்த வேலைக்குப் போய்விடுவார், வேலையில்லாதோர் கணக்கிலிருந்தும் மறைந்துவிடுவார். அதனால்தான் இந்தியாவில் எழுத்தறியாதவர்களைவிடப் பட்டம் பெற்றவர்களிடையே வேலையின்மை பல மடங்கு கூடுதலாகப் பதிவாகிறது. நீங்கள் தந்த 29.9 விழுக்காட்டைப் பிரித்துப் பாருங்கள்: இளைஞர்களில் ஆண்களுக்கு 19.3, பெண்களுக்கு 47.1. செவிலியர் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் பொறியியலும் முடித்த பெண்கள் வேலை தேடுகிறோம் என்று கணக்கெடுப்பவரிடம் சொல்வதால்தான் இந்த எண் இவ்வளவு உயர்கிறது. வேறு பல மாநிலங்களில் அதே வயதுப் பெண், வீட்டு வேலையைக் கவனிக்கிறேன் என்று சொல்லித் தொழிலாளர் கணக்கிலிருந்தே விலகி நிற்பார். அங்கே அவரால் வேலையின்மை ஒரு புள்ளிகூட உயராது.

இரண்டாவது எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் வருமானம் என்ற கூறே கிடையாது. ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பள்ளிப்படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு போன்ற 12 குறிகளை வைத்து அது கணிக்கப்படுகிறது. மகனுக்கு வேலை போய்விட்டது என்பதால் வீட்டுக் கழிப்பறை காணாமற்போவதில்லை. வருமானத்துக்கு அருகில் செல்ல வேண்டுமானால் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2022-23இல் ஊரகப் பகுதிகளில் ஒருவருக்கான மாதச் செலவு கேரளத்தில் 5,924 ரூபாய், நாடு முழுவதற்கும் 3,773 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 3,113 ரூபாய். வறுமை எண் சொல்லும் திசையிலேயே இதுவும் செல்கிறது.

மறுமொழி – மலபார் வாசகி

மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் காத்திருப்போருக்குச் சோறு போடும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகவும், அவர்கள் ஓராண்டில் அனுப்பிய பணம் 2.17 லட்சம் கோடி ரூபாய் அளவில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. இது மாநிலத்தின் நிகர உற்பத்தி மதிப்பில் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் வெளிநாட்டில் இருப்பவர் எவரும் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் வீடு கட்டும்போது கொத்தனாருக்கும் தச்சருக்கும் மரக்கடைக்கும் அது போய்ச் சேர்கிறது. எங்கள் மலப்புறம் பகுதியில் வெளிநாட்டுக்கே போகாத குடும்பங்களின் பிழைப்பும் அந்தப் பணத்தின் மீதுதான் நிற்கிறது.

இப்போது இதில் ஒரு மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. அதே கணக்கெடுப்பின்படி, படிப்பதற்காக வெளிநாடு சென்றோர் 2018இல் 1.29 லட்சம் பேர். 2023இல் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர். இவர்களுக்காக வங்கிக் கடன் வாங்கிப் பணம் இங்கிருந்து வெளியே போகிறது. திரும்பி வருமா என்று தெரியாத பணத்தையும் வருமானக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று உங்கள் கட்டுரையில் யோசித்துப் பாருங்கள்.

மறுமொழி – ஓய்வுபெற்ற ஆசிரியன்

வளைகுடாப் பணத்தை மட்டுமே காரணமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, அம்மா. பஞ்சாபும் குஜராத்தும்கூட வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்பிய மாநிலங்கள்தாமே? கேரளம் எங்கிருந்து புறப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். திட்டக் குழுவின் மதிப்பீட்டின்படி 1973-74இல் கேரள மக்களில் 59.79 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். அப்போது இந்தியச் சராசரி 54.88. நாட்டுச் சராசரியைவிட ஏழை மாநிலமாக இருந்தது கேரளம். 2011-12இல், டெண்டுல்கர் குழுவின் முறைப்படி, அது 7.05 விழுக்காடாகவும் இந்தியச் சராசரி 21.92 விழுக்காடாகவும் மாறின.

இதற்கிடையே நடந்தவற்றில் முதலாவதாக நான் வைப்பது நிலச் சீர்திருத்தம். 1970 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் ஜன்மி முறையை, அதாவது பரம்பரை நிலவுடைமையாளர் முறையை, ஒழித்துக் குத்தகையாளரை நில உரிமையாளர் ஆக்கியது. அதைவிட முக்கியமாக, பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலிக் குடும்பங்களுக்கு ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்ட் வரை சொந்தமாகக் கிடைக்க வழி செய்தது. பத்து சென்ட் என்பது பிழைப்புக்குப் போதாத நிலம்தான். ஆனால் நாளை முதல் என் தோப்பில் குடியிருக்காதே என்று சொல்லும் அதிகாரம் முதலாளியிடமிருந்து போய்விட்டது; அப்படிச் சொல்ல முடியாதவரிடம்தான் கூலியைப் பற்றித் துணிந்து பேச முடியும். வலுவான தொழிற்சங்கங்களும், ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களையும் எட்டிய ரேஷன் கடையும், பள்ளியும் மருத்துவமனையும் அதனுடன் சேர்ந்தன. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பும், பல லட்சம் முதியோருக்கு மாதம் 1,600 ரூபாயாக இருந்து 2025 நவம்பரில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஓய்வூதியமும் பின்னால் வந்தவை.

கூலியின் இன்றைய நிலையை ரிசர்வ் வங்கியின் கையேட்டில் காணலாம். 2022-23இல் ஊரகத்தில் ஆண் வேளாண் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 764 ரூபாய். இந்தியச் சராசரி 346. மத்தியப் பிரதேசத்தில் 229. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024-25இல் கேரளத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 346 ரூபாய்தான் என்பதால், அந்த வேலைக்கு ஆண்கள் வருவது அரிது. அங்கே உழைப்பு நாட்களில் பத்தில் ஒன்பது பங்கு பெண்களுடையது. பெண்ணின் உழைப்புக்கு வெளியில் என்ன விலை கிடைக்கிறது என்பதையும் இது காட்டிவிடுகிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி – சுருளியாறு

அனைவருக்கும் நன்றி. 764 ரூபாய் கூலி கிடைக்கும்போது வேலையில்லாத பட்டதாரி அதற்குப் போகாததன் காரணம் எனக்கு விளங்குகிறது. படித்த படிப்பும் வீட்டார் எதிர்பார்ப்பும் அவரை அங்கே போக விடாது. ஆனால் அந்த வேலையைச் செய்கிறவர்கள் யாருடைய கணக்கில் வருகிறார்கள் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

மறுமொழி – தேவிகுளம்

ஐயா, நீங்கள் இப்போது கேட்டிருப்பதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி என்று கருதுகிறேன். மாநிலத்தின் குடிமக்கள் என்று கணக்கெடுப்பு யாரைக் கொள்கிறதோ அவர்களுடைய வறுமைதான் அந்த மாநிலத்தின் வறுமை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் காலையில் வந்து மாலையில் திரும்பும் பெண்களின் உழைப்பு கேரளத்து ஏலக்காயில் சேர்கிறது. அவர்கள் வீட்டு வறுமையோ தமிழ்நாட்டுக் கணக்கில் எழுதப்படுகிறது. பெரும்பாவூர்ப் பலகைத் தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் வேலை செய்யும் வங்காள, அசாமிய, ஒடிய இளைஞர்களும் அப்படித்தான். இவர்கள் 25 லட்சம் பேர் இருப்பார்கள் என்று 2013இலேயே ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவர்கள் விட்டுவந்த குடும்பங்கள் சொந்த மாநிலத்தில் கணக்கிடப்படுகின்றன. வாடகை அறையில் எட்டுப் பேராகத் தங்கும் இவர்கள் குடும்பக் கணக்கெடுப்புகளில் முழுமையாகப் பிடிபடுவதில்லை.

கேரளத்துக்கு உள்ளேயே விடுபட்டவர்களும் உண்டு. ஆசிரியர் ஐயா சொன்ன நிலச் சீர்திருத்தம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. அதனால் தலைமுறை தலைமுறையாக மூணாறு மலைகளில் தேயிலை பறிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பத்து சென்ட் கிடைக்கவில்லை. அவர்கள் இன்றும் நிறுவனத்தின் லயத்தில், அதாவது தொழிலாளருக்கான வரிசை வீடுகளில்தான் வாழ்கிறார்கள். பணி ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதால், வீடு கைவிட்டுப் போகாமலிருக்கப் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்வது வழக்கமாக இருக்கிறது. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் பெண் தொழிலாளர்கள் ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தபோது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். கேட்டது 500, முடிவில் கிடைத்தது 301. சமவெளியில் வேளாண் வேலைக்கு ஆண்கள் அப்போதே அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பெற்றுக்கொண்டிருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவில் புதைந்து 70 பேர் இறந்ததும் இத்தகைய லயங்களில்தான். இவர்களில் எவரும் வேலையில்லாதவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

பழங்குடியினர் நிலை இன்னும் கடினமானது. மாநில மக்கள்தொகையில் அவர்கள் 1.5 விழுக்காடு அளவே என்பதால் அவர்களுடைய வறுமை மாநிலச் சராசரியில் கரைந்துவிடுகிறது. பறிபோன நிலத்தை மீட்டுத் தர 1975இல் இயற்றப்பட்ட சட்டம் பல ஆண்டுகள் செயல்படுத்தப்படவே இல்லை. மாவட்ட வாரியான அட்டவணையைப் பார்த்தால் இது ஓரளவு வெளிப்படும்: நிதி ஆயோக்கின் முதல் அறிக்கையில் கோட்டயம் வறியோரே இல்லாத மாவட்டம், பழங்குடியினர் மிகுந்த வயநாட்டிலோ வறியோர் 3 விழுக்காட்டுக்கும் மேல்.

கட்டுரையில் நீங்கள் தவறாமல் சேர்க்க வேண்டியது அதிவறுமை ஒழிப்புத் திட்டம். உணவு, உடல்நலம், வருமானம், வீடு ஆகிய நான்கையும் அளவுகோலாக வைத்து, உள்ளாட்சிகள் வழியாக 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம் வகுத்து, 2025 நவம்பர் 1ஆம் நாள் அதிவறுமை இல்லாத மாநிலம் என்று கேரள அரசு அறிவித்தது. ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி அணுகிய முறையில் இது மதிக்கத்தக்க முயற்சி என்பதே என் கருத்து. ஆயினும் பொருளியலாளர்கள் சிலர் அப்போதே கேள்வி எழுப்பினார்கள்: ஏழைகளிலும் ஏழைகளுக்கென வழங்கப்படும் அந்த்யோதயா அட்டைகள் மாநிலத்தில் ஏறத்தாழ 6 லட்சம் இருக்கும்போது, அதிவறியோர் 64,006 குடும்பங்கள் மட்டும்தானா? அட்டைக்கான அளவுகோல் வேறு, இந்தத் திட்டத்துக்கான அளவுகோல் வேறு என்பது அரசுத் தரப்பின் விடை. இரண்டு அளவுகோல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, உங்கள் கட்டுரையில் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.